பட்டியலில் வராத கடினச் சொற்கள்

பிளஸ் டூ ஆங்கில வினாத்தாள் சொற்களில்தான் தொடங்குகிறது. ஒத்த பொருள் மூன்று, எதிர்ப்பொருள் மூன்று, ஒன்றுக்கு ஒரு மதிப்பெண். 90 மதிப்பெண் தாளில் அந்த ஆறைக் கைக்குள் வைத்துக்கொள்ளத்தான் தூத்துக்குடிக்குப் பக்கத்து மாப்பிள்ளையூரணியில் தை பிறந்ததும் பிள்ளைகள் வாசற்படியில் உட்கார்ந்து உருப்போடுகிறார்கள். சாயங்காலங்களில் அவர்களில் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள் நான். அந்த ஆறு மதிப்பெண்ணைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. விடியும் முன்னே உப்பளத்துக்குப் போய்விடும் ஒரு தாய்க்கு, மகள் வாங்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் கண்ணால் பார்க்கக்கூடிய சொத்து.

ஆனாலும் பொறியியல் கட்-ஆஃப் கணக்கில் ஆங்கிலம் சேராது. அதனால் பல வீடுகளில் அது 'பாஸ் ஆனால் போதும்' என்கிற பாடம். பிறகு கல்லூரிக்குள் கால் வைத்த நாளிலிருந்து பாடமும் தேர்வும் வேலைக்கான நேர்காணலும் அந்த மொழியில்தான். பள்ளியில் ஓரமாக நிறுத்திவைத்த பாடம் அங்கே வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது. பட்டியலை முழுக்க ஒப்பித்த பிள்ளைகள்தான் அந்த வாசலில் அதிகம் திகைத்து நிற்கிறார்கள் என்பது இத்தனை காலம் பார்த்ததில் என் எண்ணம்.

ஒரு பெண்பிள்ளை 'மெட்டிக்குலஸ்' என்றால் 'கேர்ஃபுல்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அந்தச் சொல்லை வைத்து யாரைப் பற்றியாவது ஒரு வாக்கியம் சொல் என்றால் பேச்சு நின்றுவிடும். "சரி, தமிழிலேயே சொல்லு. ஒரு வேலையை இம்மி பிசகாமல் பார்க்கிற ஆள் உங்கள் வீட்டில் யார்?" என்று கேட்டேன். உடனே பதில் வந்தது. "எங்க அம்மாதான்க்கா. கருவாடு பொறுக்குனா ஒரு துரும்பு இருக்காது. ஒவ்வொன்னையும் திருப்பிப் பாத்துதான் கூடைல போடுவா." அவளுக்குப் பொருள் தெரியாமல் இல்லை. பிறந்ததிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். தன் அம்மாவைப் பற்றி அப்படி ஒரு சொல்லைச் சொல்லலாம் என்றுதான் அதுவரை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

இந்த முத்துக்குளித்துறைக் கரையே அந்நிய மொழி கற்பதன் இரண்டு வழிகளையும் முன்பு பார்த்திருக்கிறது. 1542-இல் இங்கே வந்த பிரான்சிஸ் சேவியர், இரு மொழியும் தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கச் செய்து, அவற்றை மனப்பாடம் பண்ணிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தாம் உருப்போட்டதையே அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1544-இல், இதே கரையில் உடன் ஊழியம் செய்த மான்சிலாஸுக்கு அவர் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று சொல்லி வந்திருக்கிறோம், மாற்றிக்கொள்ளும் என்கிறார். கடவுளை நம்புகிறேன் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, கடவுள் வேண்டும் என்று ஊரையே சொல்லவைத்திருக்கிறார்கள். உருப்போட்டது ஓர் எழுத்துப் பிசகவில்லை. அர்த்தம்தான் வேறு எங்கோ போய்விட்டது. அவருடைய ஊக்கத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பிழை தெரிந்ததும் மறைக்காமல் திருத்திய அந்த நேர்மை பெரிது.

சில ஆண்டுகள் கழித்து வந்த அண்டிரிக் அடிகளாரின் வழி வேறு. போர்ச்சுக்கல்லில் பிறந்த அவர் முதலில் மொழிபெயர்ப்பாளரை வைத்துத்தான் பேசினார். பிறகு இந்தக் கரையின் மக்களோடு புழங்கி, வினைச்சொல் எப்படித் திரிகிறது, வேற்றுமை எங்கே ஒட்டுகிறது என்று குறித்துக் குறித்துத் தமிழைக் கற்றார். 1549 வாக்கில் போர்ச்சுகீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணமே எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடைய தமிழாக்கம். அவர் கேட்டுக் கற்ற தமிழில் பெரும்பகுதி வலையும் வள்ளமும் வைத்துப் பிழைத்தவர்களின் பேச்சு. ஏறக்குறைய ஐம்பது வருடம் இங்கேயே இருந்து 1600-இல் மறைந்தார். எங்கள் பிள்ளைகளுக்கு அத்தனை அவகாசம் இல்லை என்பது தெரியும். ஆனால் சொல்லை அது புழங்கும் இடத்தில் போய்ப் பிடிப்பதற்கு ஐம்பது வருடம் தேவையில்லை.

எங்கள் ஊரில் அந்த இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் ஆயிரக்கணக்கானோருக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்துவருகிறது. எட்டாம் வகுப்போடு நின்ற லாரி ஓட்டுநர் ஒருவரிடம் 'டெமரேஜ்' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். கப்பல் குறித்த நேரத்துக்கு மேல் நின்றால் என்ன தண்டம், யார் தலையில் விழும், அதை யார் யார் தலைக்குத் தள்ளப் பார்ப்பார்கள் என்பது வரை சொல்வார். பல பட்டதாரிகளுக்குத் தெரியாத சொல் அது. அவருடைய மகன் பட்டியலில் அது இல்லை. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்றுதான் அந்தப் பையன் நினைத்துக்கொண்டிருக்கிறான். இது எனக்குப் பொறுக்கமுடியாத ஒன்று.

இன்னொரு சொல், 'கன்சென்ட்'. பட்டியலில் அதற்கு நேரே 'அக்ரிமென்ட்' என்று இருக்கும், அவ்வளவுதான். 2018 ஏப்ரலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்குப் புதுப்பிக்க மறுத்தது எதை? ஆலையை இயக்குவதற்கான அந்தக் கன்சென்ட்டைத்தான். மே 22-இல் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. 13 உயிர்கள் போயின. மே 28-இல் ஆலையை மூடச்சொல்லி அரசாணை வந்தது. 2024 பிப்ரவரி 29-இல் நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இத்தனை வருடமும் எங்கள் காற்றைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் நடந்த வாதம், அறிக்கை, தீர்ப்பு எல்லாம் ஆங்கிலத்தில். ஒரு ஊரின் மூச்சு சம்பந்தப்பட்ட சம்மதத்தை யார் கொடுக்கிறார்கள், யாரிடம் கேட்பதில்லை என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. 2020-இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்தபோது, மற்ற மொழிகளிலும் வெளியிடச்சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. தமிழில் கேட்பது நம் உரிமை, அதை விடக்கூடாது. தமிழில் வந்துசேரும்வரை ஆங்கிலத்தில் படித்துச்சொல்ல ஊரில் பத்துப் பிள்ளைகளாவது வேண்டும். கடினமான சொற்களைக் கற்கச்சொல்லி நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். நாலு பேர் நடுவில் எடுத்துவிட்டு மதிப்புத் தேடுவதற்கு இல்லை.

2019-இல் வந்த பிளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தில் ஆர்வெல், ஹிலாரியோடு நம் கி. ராஜநாராயணனும் இருக்கிறார். 'நாற்காலி' கதையின் ஆங்கிலம். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரர், இதே மாவட்டம். வீட்டுக்கு ஆசையாக ஒரு நாற்காலி செய்ய, ஊரில் சாவு விழுந்தால் பிணத்தை உட்காரவைக்க அதை இரவல் கேட்டு வருகிறார்கள் என்ற கதை. அந்தப் பாடம் நடத்தும்போது அகராதியைத் தேடும் முகங்களே தெரியாது. காட்சி முன்பே மனதில் இருப்பதால் சொற்கள் தாமாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காத அந்த மனிதர்தான் கரிசல் மக்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்தார். தாய்மொழியில் நுட்பமாக வேறுபடுத்திச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அதன் ஜோடியைக் காட்டினால் போதும், பிடித்துக்கொள்ளும். தமிழைக் கைவிட்டால் ஆங்கிலம் வரும் என்று நம்பும் பெற்றோரிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இப்போது பிள்ளைகள் நோட்டில் சொல்லுக்கும் பொருளுக்கும் பக்கத்தில், அது எந்தத் தாளில், யார் வாயில் கிடைத்தது என்றும் எழுதிவருகிறார்கள். ரேஷன் கடை ரசீது, பேங்க் பாஸ்புக், மருந்துப் பெட்டி, துறைமுகச் சீட்டு என்று வீட்டில் கிடக்கும் காகிதமெல்லாம் பாடமாகிவிட்டன. போன வாரம் ஒருத்தி கடலுக்குப் போகும் தன் அப்பாவின் விபத்துக் காப்பீட்டுத் தாளை எடுத்துவந்தாள். 'எக்ஸ்க்ளூஷன்' என்ற தலைப்பின் கீழ் பொடி எழுத்தில் ஒரு பக்கம். எந்தெந்த விபத்துக்குப் பணம் கிடையாது என்ற விவரம். அதை வரிவரியாக ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் எழுதிக்கொண்டுபோய் வீட்டில் வாசித்திருக்கிறாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவர், "இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா அவுங்க?" என்று கேட்டாராம். மறுநாள் தெருவில் இன்னும் மூன்று பேர் தங்கள் தாளை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள்.