பராமரிப்பும் சுயநிர்ணயமும்

பிறர் கைகொடுத்தாலன்றிப் படுக்கையினின்றும் எழ முடியாத ஒருவர் காலையில் எத்தனை மணிக்கு எழவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது? எழவேண்டியவருக்கா, கைகொடுப்பவருக்கா, அன்றி அந்தக் கைக்குச் சம்பளம் வழங்கும் அரசாங்கத்துக்கா? மேலோட்டமாக நோக்குவோர்க்கு இஃது அற்பமான வினாவாகத் தோன்றலாம். ஆனால், எப்போது உண்பது, எங்கே செல்வது, தம் உடலை யார் தொடுவது, இரவில் தம் வீட்டினுள் யார் இருப்பது என்பனவெல்லாம் இதனுள் அடங்கும். சுருங்கக் கூறின், உதவி தேவைப்படும் மனிதர் தம் வாழ்வுக்குத் தாமே தலைவராக இருக்கலாமா என்பதே வினா.

நம்மிற் பலர் இதனை வெறும் மனிதாபிமானப் பிரச்சினையாகக் காணப் பழகிவிட்டோம். மக்களுக்கு இரக்கம் வேண்டும், அரசு போதிய பணம் ஒதுக்கவேண்டும் என்று கூறியதும் நம் சிந்தனை ஓய்ந்துவிடுகிறது. இரக்கத்துக்கும் பணத்துக்கும் அப்பால் அதிகாரம் என்றொன்று உண்டு. அண்மைக் காலத்தில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலும் ஊனமுற்றோர் தம் அரசாங்கங்களை எதிர்த்து நடத்திய போராட்டங்கள் அந்த அதிகாரத்தைப் பற்றியவையே.

இவ்வுரிமைக்கான இயக்கம் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் வேரூன்றியது என்பதை மாணவர்கள் அறிதல் நன்று. எட் றொபேட்ஸ் என்பவர் பதினான்காம் வயதில் இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்டு, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தவர். இரும்பு நுரையீரல் எனப்படும் சுவாச இயந்திரத்தினுள்ளே உறங்கவேண்டியவர். இவர் ஒருபோதும் தொழிலுக்குத் தகுதியுறார் எனக் கூறிக் கலிபோர்ணிய மாநிலத்தின் புனர்வாழ்வுத் திணைக்களம் உதவி மறுத்தது. ஆயினும் 1962ஆம் ஆண்டில் அவர் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அவருடைய இயந்திரத்துக்கு விடுதியில் இடமில்லாமையால் வளாக மருத்துவமனையின் ஒரு பகுதியே அவரது இருப்பிடமாயிற்று. அவரும் அவரைப் பின்தொடர்ந்து வந்த தோழர்களும் தமக்கு வேண்டிய உதவியாளரைத் தாமே தெரிந்தெடுத்து, தாமே பயிற்றுவித்துக் கல்வியைத் தொடர்ந்தனர். 1972ஆம் ஆண்டில் அவ்வூரிலே சுதந்திர வாழ்வு நிலையம் தோன்றியது. 1975ஆம் ஆண்டில், முன்னர் அவரைக் கைவிட்ட அதே திணைக்களத்துக்கு றொபேட்ஸ் பணிப்பாளராக நியமிக்கப்பட்டார். எல்லாவற்றையும் தனித்துச் செய்வதே சுதந்திரம் என்ற பழங்கருத்தை அவ்வியக்கம் நிராகரித்தது. எந்தத் துணையை, யாரிடமிருந்து, எவ்வாறு பெறுவது என்பதைத் தாமே தீர்மானிப்பது சுதந்திரம் என அது வரையறை செய்தது.

பிரித்தானியாவில் இக்கருத்து மெல்ல மெல்லவே இடம்பிடித்தது. 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டத்தின்கீழ் உள்ளூராட்சி மன்றங்கள் ஊனமுற்றோருக்கு நேரடியாகப் பணம் வழங்க இயலாதிருந்தது. உதவியை மன்றம் அனுப்பும், வந்ததை வாங்கிக்கொள்ளவேண்டும். 1988ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் சுதந்திர வாழ்வு நிதியத்தை நிறுவியது. கடும் ஊனமுற்றோர் தம் வீட்டிலேயே வாழ்வதற்கு வேண்டிய பணம் அதன்மூலம் அவர்கள் கைக்கே வந்தது. 1996ஆம் ஆண்டின் சட்டமொன்று உள்ளூராட்சி மன்றங்களுக்கும் அவ்வழியைத் திறந்தது.

திறந்த வழி விரைவிலே குறுகலாயிற்று. 2010இல் நிதியம் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தியது. 2012இன் இறுதியில் அதனை மூடிவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. பயனாளர் ஐவர் வழக்குத் தொடுத்தனர். சமத்துவச் சட்டம் விதித்த கடமையை அமைச்சர் உரியவாறு நிறைவேற்றவில்லை என 2013 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, அம்முடிவை இரத்துச் செய்தது. நான்கே மாதங்களில் அரசாங்கம் அதே முடிவை மீண்டும் எடுத்தது. இம்முறை விளைவுகளை அறிந்தே அமைச்சர் தீர்மானித்தார் என்று 2014 டிசெம்பரில் உயர் நீதிமன்றம் அதனை ஏற்றுக்கொண்டது. விளைவை உரியவாறு எண்ணிப்பாராமற் செய்தால் சட்டவிரோதம். எண்ணிப்பார்த்துச் செய்தால் சட்டபூர்வம்! சட்டத்தின் எல்லை எங்கே முடிந்து அறத்தின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை. 2015 யூன் 24ஆம் நாள் சக்கர நாற்காலிகளில் வந்தோர் பாராளுமன்றச் சபா மண்டபத்தினுள் நுழைய முயன்று தடுக்கப்பட்டனர். யூன் 30ஆம் நாள் நிதியம் மூடப்பட்டது. ஏறக்குறைய 18,000 பேரின் பராமரிப்பு அவரவர் வாழ்ந்த பகுதியின் பொது ஏற்பாட்டிடம் சென்றது. இங்கிலாந்தில் உள்ளூராட்சி மன்றங்களுக்கு மாற்றப்பட்ட பணத்தை இவர்களுக்கே செலவிடவேண்டும் என்ற கட்டாயமும் இருக்கவில்லை.

உள்ளூர் மன்றமே மக்களின் தேவையை அணுக்கமாக அறியும் என்பது அரசாங்கம் கூறிய நியாயம். அந்த மன்றங்கள் தேவையை எவ்வாறு அளந்தன? லண்டன் மன்றம் ஒன்று தொடர்பாக 2011ஆம் ஆண்டில் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் பார்ப்போம். பக்கவாதத்தால் நடை தளர்ந்த முன்னாள் நடனமணி ஒருவர். சிறுநீரை அடக்கும் ஆற்றல் அவருக்கு உண்டு. இரவில் எழுந்து சலம் கழிக்க ஒருவர் கைப்பிடி மட்டுமே அவருக்குத் தேவை. இரவு உதவியாளருக்குப் பதிலாக, ஈரம் உறிஞ்சும் பஞ்சணைகளை அணிந்து படுக்கையிலேயே கிடக்கலாம் என மன்றம் முடிவு செய்தது. நீதிபதிகள் நால்வர் அம்முடிவை ஏற்றனர். ஹேல் சீமாட்டி ஒருவரே மறுத்தார். தேவைக்கேற்ப வழங்கவேண்டும் என்பது பழைய சோஷலிஸக் கோட்பாடு. ஆனால், தேவை இன்னதென்று கூறும் வாய் யாருடையது என்ற வினாவுக்கு விடை காணாதவரை அக்கோட்பாடும் வெறும் சொல்லாகவே நின்றுவிடும் என்பதை இவ்வழக்கு நமக்கு உணர்த்துகிறது.

இனி நியூயோர்க்கை நோக்குவோம். வறியோருக்கான மருத்துவ உதவித் திட்டத்தின்கீழ், பயனாளரே தம் உதவியாளரைத் தேர்ந்து வழிநடத்தும் ஏற்பாடு அம்மாநிலத்தில் உண்டு. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இதனாற் பயன்பெற்றனர். உதவியாளரின் சம்பளக் கணக்கை ஏறக்குறைய 600 இடைநிலை நிறுவனங்கள் கவனித்துவந்தன. 2024 ஏப்ரிலில் நிறைவேறிய வரவுசெலவுத்திட்டம் இவையனைத்தையும் நீக்கி, மாநிலம் முழுவதற்கும் ஒரே நிறுவனத்தை நியமிக்க வழிசெய்தது. தெரிவானது வெளிமாநிலத் தனியார் கம்பனி ஒன்று. ஊனமுற்றோரே முன்னின்று நடத்திய சுதந்திர வாழ்வு நிலையங்கள் அக்கம்பனியின் துணை ஒப்பந்தக்காரராகவே தொடர முடிந்தது. 2025 ஏப்ரில் முதலாந் திகதிக்குள் அனைவரும் மாறவேண்டும் எனப்பட்டது. பதிவுகள் தடைப்பட்டன, சம்பளம் தாமதமாயிற்று என்ற முறைப்பாடுகள் பரவலாக எழுந்தன, சமஷ்டி நீதிமன்றம் தலையிட்டுக் காலக்கெடுவை நீட்டவேண்டியதாயிற்று.

பிரித்தானியாவில் மத்தியில் இருந்ததைப் பலவாகப் பிரிப்பதே நன்மை எனப்பட்டது. நியூயோர்க்கில் பலவாக இருந்ததை ஒன்றாக்குவதே நன்மை எனப்பட்டது. நியாயங்கள் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. ஆயின், இரண்டிலும் ஒன்று மாறவில்லை: எவருடைய உடலையும் நாளையும் இம்மாற்றம் தொடுகிறதோ, அவர்களுடைய சம்மதம் நிபந்தனையாகக் கொள்ளப்படவில்லை. எனவே, மத்தியமா உள்ளூரா, ஒன்றா பலவா என்னும் விவாதம் நம் கண்ணை மறைத்தலாகாது.

இவ்விடத்தில் நேர்மையான இரண்டு ஆட்சேபங்களுக்கு நாம் விடை கூறவேண்டும்.

பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டாமா என்பது முதலாவது. வேண்டும்; ஐயமில்லை. நூற்றுக்கணக்கான இடைநிலை நிறுவனங்கள் பொதுப்பணத்தில் கொழுத்தன என்றால் அவற்றைத் தணிக்கை செய்வதும் தண்டிப்பதும் அரசின் கடமை. ஆனால், இடைத்தரகரின் குற்றத்துக்குப் பயனாளர் ஏன் அல்லலுறவேண்டும்? பல தரகர்களை அகற்றி ஒரு பெருந்தரகரை அமர்த்துவது இலாபத்தை ஒழிப்பதாகாது; அதனை ஓரிடத்திற் குவிப்பதேயாகும்.

இரண்டாவது ஆட்சேபம் நம் அணியினுள்ளிருந்தே எழுவது. ஊனமுற்றவரை முதலாளியாகவும் உதவியாளரைக் கூலியாகவும் ஆக்கும் இம்முறை, தனிமனித வாதத்துக்கும் மலிவான உழைப்புக்கும் துணைபோகவில்லையா? இதனைத் தட்டிக்கழித்தல் தகாது. வீட்டுப் பராமரிப்பில் ஈடுபடுவோரிற் பெரும்பாலோர் பெண்கள். குறைந்த சம்பளம் பெறுவோர். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு முதல் இவர்களிற் பலர் குறைந்தபட்ச ஊதிய, மேலதிக நேரச் சட்டங்களுக்கு வெளியே விடப்பட்டிருந்தனர். 2013இல் வெளியான விதி அவ்விலக்கைச் சுருக்கியபோது, தம் பராமரிப்பு மணித்தியாலங்கள் வெட்டப்படுமோ என ஊனமுற்றோர் அமைப்புகளிற் சில அஞ்சின. அரசு போதிய பணம் தர மறுக்கும்போது, ஒரே வீட்டினுள் வாழும் இரு ஏழைகள் ஒருவருக்கொருவர் எதிரிகளாக நிறுத்தப்படுகின்றனர். 2025இல் அவ்விதியையே நீக்கும் யோசனையை அமெரிக்கத் தொழில் திணைக்களம் முன்வைத்தது.

இம்முரண்பாடு தீராததன்று. கலிபோர்ணியாவில் 1990களிலே தொழிற்சங்கமும் பயனாளர் அமைப்புகளும் பேசி இணக்கம் கண்டன. சம்பளம் பற்றிப் பேரம் பேசுதற்குப் பொது அதிகாரசபை ஒன்று முதலாளியின் இடத்தில் நின்றது. உதவியாளரைத் தேர்வதும் நீக்குவதும் வழிநடத்துவதும் பயனாளர் கையிலேயே இருந்தன. அச்சபைகளை வழிநடத்தும் அல்லது ஆலோசனை கூறும் குழுவில் பாதிக்குக் குறையாதோர் பயனாளராக இருக்கவேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சல்ஸ் பிரதேசத்தில் மட்டும் 74,000 பராமரிப்புத் தொழிலாளர் சங்கத்தில் இணைய வாக்களித்தனர். பொதுப்பணம், தொழிலாளர் உரிமை, பயனாளர் அதிகாரம் ஆகிய மூன்றும் ஒருங்கே நிற்கலாம் என்பதற்கு இது சான்று. நிதியத்தை மூடுவதும் தவிர்க்க முடியாத விதியாக இருக்கவில்லை. ஸ்கொட்லாந்து 2015 யூலையில் தனக்கென ஒரு நிதியத்தை நிறுவியது. 2024இல் புதிய விண்ணப்பதாரருக்கும் அதனைத் திறந்தது.

ஊனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் 2006ஆம் ஆண்டில் நிறைவேறியது. எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தெரிவு செய்யும் உரிமையை அதன் 19ஆம் உறுப்புரை ஏனையோர்க்குச் சமமாக வழங்குகிறது. பிரித்தானியா அதனை ஏற்றிருந்தும், அங்கு இவ்வுரிமைகள் பாரதூரமாகவோ முறைமைப்பட்டோ மீறப்பட்டுள்ளன என ஐ.நா. குழு 2016இல் முடிவு செய்தது. அரசாங்கம் அதனை மறுத்தது. நமது நாடும் 2016ஆம் ஆண்டில் அச்சமவாயத்தை ஏற்றுறுதி செய்துள்ளது. ஆகவே, லண்டன் வீதியிலும் நியூயோர்க் நீதிமன்றத்திலும் எழுந்த வினா நம்மையும் நோக்கியதே.

அரசு கையேற்றால் எல்லாம் நலமாகும் என்று நம்புவது எளிது. அரசின் பொறுப்பை நாம் ஒருபோதும் கைவிடோம்; பராமரிப்பைச் சந்தையிடமோ, குடும்பத்துப் பெண்களின் கூலியற்ற உழைப்பிடமோ தள்ளிவிடும் வாதத்தை எதிர்ப்போம். அதே வேளையில், பொதுவுடைமை என்பது பொதுப்பணத்தோடு முடிவதன்று. அப்பணத்தைச் சார்ந்து வாழ்வோர் அதனை ஆளுதலும் அதன் பாற்பட்டதே என்பதையும் வலியுறுத்துவோம். தொழிற்சாலையில் தொழிலாளிக்கு எந்த உரிமையைக் கோருகிறோமோ, அதனையே படுக்கையிற் கிடப்பவருக்கும் கோரவேண்டும். அவர் எழும் நேரத்தை அவரே சொல்லட்டும்.