பந்தியில் வைத்த மீன்

ஜப்பானிய ஓவியர் சடாவோ வதானபே கடைசி இராப்போஜனத்தைப் பலமுறை படமாக்கியிருக்கிறார். பந்தியில் சூஷி இருக்கும், அரிசி மது இருக்கும், நடுவில் தட்டு நிறைய ஒரு முழு மீன் இருக்கும். கல்யாணம், பண்டிகை போன்ற மங்கல நாட்களில் ஜப்பானியர் பரிமாறும் சிவந்த கடல்மீன் அது. எருசலேமின் மேலறையில் அந்த மீன் இருந்திருக்காது என்பது அவருக்குத் தெரியாததல்ல. தன் ஜனங்கள் மிகச் சிறந்த விருந்தாளிக்கு எதை வைப்பார்களோ, அதைக் கர்த்தருக்கு முன் வைத்தார்.

1913இல் டோக்கியோவில் பிறந்த வதானபே பத்து வயதில் தகப்பனை இழந்தவர். அக்கம்பக்கத்தில் இருந்த ஒரு ஆசிரியை அவரை ஆலயத்துக்குக் கூட்டிப்போனார். கிறிஸ்தவர்கள் நூற்றில் ஒருவர் அளவே உள்ள தேசம் அது. தொடக்கத்தில் அந்த மார்க்கம் தனக்கு வெண்ணெய் வாசம் வீசும் அந்நியச் சரக்காகவே பட்டது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் 17ஆம் வயதில் ஞானஸ்நானம் பெற்றார். அந்த அந்நிய வாசம் போக வேண்டும், சுவிசேஷம் தன் மண்ணின் சாயலில் நிற்க வேண்டும் என்ற ஏக்கம் அவருடைய படங்கள் எல்லாவற்றிலும் தெரிகிறது.

பிழைப்புக்கு அவர் செய்தது கிமோனோ துணிகளுக்கான சாயப்பட்டறை வேலை. பெயர் தெரியாத கைவினைஞர்கள் செய்யும் அன்றாடப் பொருள்களின் அழகைப் போற்றிய மிங்கெய் இயக்கமும், அதன் பெரும் சாயக்கலைஞர் செரிசாவா கெய்சுகேயும் அவருக்கு வழிகாட்டினார்கள். கெட்டித் தாளில் உருவத்தைக் கத்தியால் வெட்டி, அந்த வெட்டின் வழியே அரிசிப் பசையைத் தேய்த்து, சாயம் ஏற்றி, காய்ந்த பிறகு பசையைத் தண்ணீரில் கழுவி எடுக்க வேண்டும். துணிக்குரிய இந்த முறையை வதானபே வேதாகமக் காட்சிகளுக்கு எடுத்துக்கொண்டார். கையால் செய்த தாளைக் கசக்கிச் சுருக்கம் விழச் செய்து, நிறப்பொடிகளைச் சோயாப் பாலில் கலந்து தீட்டினார்.

வெட்டுத்தாள் வேலையில் கை நினைத்தபடியெல்லாம் ஓடாது. நுணுக்கமான நிழலுக்கும் சாமர்த்தியமான தூரிகை வீச்சுக்கும் அதில் இடம் குறைவு. கோடு தடித்து நிற்கும், முகங்கள் எளிமையாக இருக்கும். அந்தக் கட்டுப்பாட்டுக்கு அவர் மனதார அடங்கினார். வேதாகமக் காட்சியை வரைய எவராலும் முடியும். தன் திறமை பின்னால் நின்று காட்சி முன்னால் வரும் ஒரு தொழில்முறையை வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொள்வது வேறு. அவருடைய விசுவாசத்தை நான் அங்கேதான் அதிகம் காண்கிறேன்.

எண்ணாகமம் 21ஆம் அதிகாரத்தின் வெண்கல சர்ப்பத்தைக் காட்டும் அவருடைய படத்துக்கு 1958இல் நியூயார்க்கில் நடந்த நவீன ஜப்பானிய அச்சோவியக் கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்தது. பெரிய அருங்காட்சியகங்கள் அவர் படங்களை வாங்கின. அமெரிக்க அதிபரின் வெள்ளை மாளிகைச் சுவரிலும் அவை தொங்கின. அவருடைய ஆசையோ, சாதாரண ஜனங்கள் கூடும் இடங்களில் அவை மாட்டப்பட வேண்டும் என்பதுதான். இயேசு சுவிசேஷத்தை ஜனங்களுக்காகக் கொண்டுவந்தார் என்பதே அதற்கு அவர் சொன்ன காரணம். 1996இல் மரிக்கும்வரை வேதாகமமே அவருடைய கருப்பொருளாக இருந்தது.

உங்கள் சபையிலும் வரையத் தெரிந்த ஒரு பிள்ளை இருக்கலாம். பண்டிகை நாளில் பின்திரை எழுத மட்டும் அவரைக் கூப்பிடாதீர்கள். தன் ஊர் முகத்தையும் தன் வீட்டுச் சோற்றையும் வைத்து ஒரு வேதாகமக் காட்சியை வரையச் சொல்லுங்கள். வரைந்ததை ஆலயச் சுவரில் மாட்டுங்கள்.