யார் பெயரில் பற்று?

உண்டவன் ஒருவன்; இலைக்குப் பணம் கொடுப்பவன், பந்தியிலே இடம் கிடைக்காமல் வாயிலிலே நின்ற வேறொருவன். இப்படி ஒரு வழக்கைச் சொன்னால் கேட்டோர் சிரிப்பர். சிறிது எண்ணிப் பார்த்ததும் சினம் கொள்வர். ஆயினும் இத்தகைய வழக்கொன்று நம் தலைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத பேரேடு ஒன்றிலே, நாள்தோறும் எழுதப்பட்டு வருகிறது. எண்ணெய் எரித்த புகையின் கணக்கைத்தான் சொல்கிறோம்.

கணக்கைப் பற்றிப் பேசக் காரைக்குடியைவிடப் பொருத்தமான இடம் எது? பற்று, வரவு, வட்டி, ஐந்தொகை எனக் காலணாவும் தவறாமல் எழுதிப் பழகிய சீமை, செட்டிநாடு. கடல் கடந்து சென்று, பர்மாவின் நெல் வயல்களுக்குக் கடன் கொடுத்த ஊர்கள் இவை. அதே பர்மாவிலேதான், 1886இல் தோன்றிய பர்மா எண்ணெய்க் கம்பெனி மண்ணைத் துளைத்து எண்ணெய் எடுத்தது. அங்கிருந்து வந்த மண்ணெண்ணெய் நம் நாட்டு விளக்குகளிலே எரிந்தது. நெல்லுக்கு ஈட்டிய வட்டி மாளிகையாயிற்று, எண்ணெய் புகையாயிற்று. மாளிகைகள் இன்றும் நிற்கின்றன. புகையும் நிற்கிறது, ஆனால் அதைக் காண்பார் இல்லை.

பர்மாக் கணக்கு நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. 1930இல் நெல் விலை வீழ்ந்தது, கடன் வீழவில்லை. வட்டி கட்ட இயலாத உழவர்களின் நிலம் கடன் கொடுத்தோர் கைக்கு மாறியது. 1930களின் இறுதியில், கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களிலே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டிநாட்டார் வசம் இருந்தது. ஏட்டிலே பிழை இல்லை. கூட்டல் கழித்தலிலே குற்றம் இல்லை. எனினும் உழுதவன் நிலமிழந்தான். கணக்குச் சரியாக இருப்பதும் நீதி சரியாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, எண்ணெய்ப் பேரேட்டைப் புரட்டுவோம். 1950-51இல் இந்தியத் துணைக்கண்டத்தின் இந்த ஆட்சிப் பரப்பு முழுவதும் செலவழித்த எண்ணெய்ப் பொருள்கள் சுமார் 35 இலட்சம் டன். 1990-91இல் அது ஐந்தரைக் கோடி டன். 2000-01இல் 10 கோடி டன். 2023-24இலோ 23 கோடி டன்னையும் தாண்டிவிட்டது. மக்கள் தொகை நான்கு மடங்கு ஆயிற்று. எண்ணெயோ அறுபது மடங்குக்கு மேல் பெருகிற்று. ஒரு டன் எண்ணெய் எரிந்தால், அதிலுள்ள கரி காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து, ஏறத்தாழ மூன்று டன் கரியமிலவாயு ஆகிறது. அவ்வகையில் இன்று ஆண்டுக்கு 60 கோடி டன்னுக்கும் மேல் நம் எண்ணெய்ப் புகை மட்டும் வானேறுகிறது. நிலக்கரிப் புகை இதனினும் பெரிது.

ஏறிய புகை என்னாகிறது? 1896இலேயே சுவீடன் நாட்டு அறிஞர் அரீனியஸ், காற்றிலே கரியமிலவாயு கூடினால் உலகின் வெப்பம் கூடும் என்று கணக்கிட்டுக் காட்டினார். 1958இல் அவாய்த் தீவின் மலையுச்சியில் கீலிங் என்ற அறிவியலாளர் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் 315 பங்கு கரியமிலவாயு இருந்தது. இன்று அது 420ஐக் கடந்துவிட்டது. அதிலே பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் கலையாது. வட்டி ஏறும் கடன் போல, தாத்தா விட்ட புகை பேரனைச் சுடுகிறது.

இதைச் சொன்னதும் ஒரு சாரார், "எல்லாம் கலியின் கொடுமை, முன்செய்த வினை, யார் என் செய்வது?" என்று பெருமூச்செறிகின்றனர். 2019இல் தமிழகம் நீரின்றித் தவித்தபோது, கோயில்களிலே மழை வேண்டி யாகம் வளர்க்க அறநிலையத் துறையே சுற்றறிக்கை விட்டது. புகையால் வந்த கேட்டுக்கு மேலும் புகையா மருந்து? வினை உண்டு என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால், அது போன பிறவியிலே செய்தது அன்று; இந்தப் பிறவியிலே, இந்த மண்ணிலே, பெயரும் ஊரும் உடைய மனிதர்கள் செய்தது. இன்னார் செய்தார், இவ்வளவு செய்தார் என்று அளந்து சொல்லக்கூடிய வினை அது. அளக்க முடிந்ததை விதி என்று சொல்வது, அளக்க வேண்டியவரைத் தப்பவிடுவதாகும்.

அளந்தால் முதலில் அகப்படுவோர் யார்? தொழில் வளம் கொழிக்கும் மேலை நாட்டார். இதுவரை உலகம் விட்ட கரியமிலவாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவினுடையது. உலக மக்களில் ஆறில் ஒருவர் வாழும் நம் நாட்டின் பங்கோ நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. இன்றும் ஓர் அமெரிக்கர் செலவழிக்கும் எண்ணெய், இங்கே ஒருவர் செலவழிப்பதைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு. 1992இல் இரியோ நகரிலே கூடிய நாடுகள், பொறுப்பு அனைவர்க்கும் பொது, அளவு மட்டும் வேறு வேறு என்று ஒப்பி எழுதின. 2001இலே அமெரிக்கா கியோட்டோ உடன்பாட்டை உதறி எறிந்தது. கடன்பட்டோர் கதவைச் சாத்திக்கொண்டால், கடனைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதை உரத்த குரலிலே கேட்க வேண்டும்.

ஆனால், கேட்பது யாருக்காக? இங்கேதான் நாம் விழிப்போடு இருக்க வேண்டும். உலக மன்றத்திலே, "நாங்கள் ஏழைகள், தலைக்கு இவ்வளவே எங்கள் புகை" என்று தில்லி பேசுகிறது. உண்மைதான். அந்தத் தலைகளிலே, நான்கு மோட்டார் வைத்திருப்பவர் தலையும் உண்டு. நாற்று நடும் கூலிப்பெண்ணின் தலையும் உண்டு. இருவரையும் கூட்டி இரண்டால் வகுத்து, இருவரும் எளியர் என்று சொல்வது என்ன கணக்கு? ஏழையின் வறுமை, செல்வன் விட்ட புகைக்குத் திரையாகிறது. வகுத்தல் என்பது பகிர்ந்து கொடுத்தல் ஆகுமோ?

எண்ணெய் வகைகளைப் பிரித்துப் பாருங்கள். ஏழைக் குடிசையின் விளக்கெரித்த மண்ணெண்ணெய் 2000-01இலே 1 கோடி டன்னுக்கு மேல் செலவாயிற்று. 2023-24இலே 5 இலட்சம் டன்கூட இல்லை. அடுப்பூதி இருமிய தாய்மார்க்கு எரிவாயு வந்தது. 70 இலட்சம் டன்னாக இருந்தது, 3 கோடி டன்னை நெருங்கிற்று. அந்தப் புகையைக் குறை சொல்வோர் ஒருநாள் விறகடுப்பின் முன் அமர்ந்து பார்க்கட்டும்! பெட்ரோலோ 66 இலட்சம் டன்னிலிருந்து 3 கோடியே 70 இலட்சம் டன்னாக ஏறிவிட்டது. அதிலே, பேருந்து வராத ஊரிலிருந்து இருசக்கர வண்டியில் வேலைக்கு ஓடும் தொழிலாளியின் பங்கும் இருக்கிறது. அவன் மேல் குற்றமில்லை. பேருந்தை வரவிடாத ஏற்பாட்டின் மேலேதான் குற்றம். ஒருவருக்கு ஒரு வண்டி என்பதே வாழ்வின் உயர்வு என்று கற்பித்த ஆசையின் மேலே குற்றம்.

இனி, தீர்ப்பவன் யார் என்று பாருங்கள். சிவகங்கைச் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் வேற்றூர்ப் பயணம். வெம்மை ஏறிய காற்று நீராவியை மிகுதியாகச் சுமக்கிறது. பெய்தால் கொட்டித் தீர்க்கிறது, பொய்த்தால் மண்ணை வறுத்தெடுக்கிறது. குளிர்சாதன அறையில் இருப்போர்க்கு அது செய்தி. களத்து மேட்டிலே நிற்போர்க்கு அது பசி. பர்மாவிலே கடன் வாங்கியவன் நிலமிழந்தான். அதுவே கொடுமை என்றோம். இங்கோ, கடன் வாங்காதவன் இழக்கிறான்! பற்று ஒருவர் பெயரில், ஏலம் இன்னொருவர் நிலத்தில் என்றால், இதற்கு என்ன பெயர் வைப்பது?

வழி இல்லையா? இருக்கிறது, ஓரளவு நம் கண்ணெதிரேயே இருக்கிறது. ஐம்பது பேரை ஓர் எஞ்சினில் ஏற்றிச் செல்வது பேருந்து. 1972இலே தமிழகம் பேருந்துகளை நாட்டுடைமையாக்கத் தொடங்கியது, சமதர்மம் கருதி. 2021 மே திங்களிலிருந்து, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளிலே மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர், விடுதலை கருதி. சமதர்மமும் பெண் விடுதலையும் புகையையும் குறைக்கக்கூடியவை என்பது இன்று விளங்குகிறது. இன்னும் மிகுதியான பேருந்து, இன்னும் மிகுதியான ஊருக்கு என்று கேட்பதே எண்ணெய்க் கணக்கைத் திருத்தும் முதல் கோரிக்கை.

அறிவியலும் காத்திருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம், இதே காரைக்குடியிலே மின்கலங்களை ஆய்ந்து வருகிறது. வட்டியால் வந்த செல்வம் வருங்காலத்துக்கு வரவாக எழுதப்பட்ட அரிய பக்கம் அது. ஆனால் நிலக்கரி எரித்துக் கிடைத்த மின்சாரத்தை மின்கலத்திலே நிரப்பினால், புகை இடம் மாறுமே தவிர மறையாது. காற்றும் கதிரும் தரும் மின்சாரம் வேண்டும். அது முதலில் ஏறவேண்டிய வண்டி, பொதுமக்கள் ஏறும் வண்டி.

2070க்குள் புகைக் கணக்கை நேர்செய்வோம் என்று 2021இல் கிளாஸ்கோ மாநாட்டிலே இந்தியா உறுதி கூறியது. நேர்செய்யும் செலவை யார் தலையில் வைப்பது என்பது இன்னும் எழுதப்படவில்லை. எழுதுகோல் ஆள்வோர் கையிலே இருக்கிறது. நாம் வற்புறுத்துவது ஒன்றே: எரித்தவர் பெயரிலே பற்று எழுதுக! அவர் மேலைநாட்டாராயினும் சரி, நம் ஊர் மாளிகையாராயினும் சரி. விளக்குக்கு எண்ணெயின்றி இருளிலே இருந்தவன் பெயரை அந்தப் பக்கத்திலிருந்து அடித்துவிடுக!