சிறிய கல்லூரி, பெரிய கேள்வி

மூளையைப் பற்றிப் படிக்க ஆசைப்படும் மாணவர்கள், பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லையே என்று மனம் தளர வேண்டாம். நரம்பறிவியலின் பெரிய உண்மைகள் பலவற்றைச் சிறிய உயிர்களே நமக்குக் கற்றுத்தந்தன.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. நரம்பறிவியலாளர் எரிக் கேண்டல் நினைவாற்றலின் அடிப்படையைத் தேடியதோ, சுமார் 20,000 நரம்பணுக்களே உள்ள ஒரு கடல் நத்தையிடம். 2000ஆம் ஆண்டு நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. நரம்பில் மின்துடிப்பு பிறக்கும் விதத்தை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆய்வாளர்கள் ஊசிக்கணவாயின் தடித்த நரம்பிழையில் அளந்தார்கள்; 1952இல் அதைச் சமன்பாடுகளாக வெளியிட்டார்கள்.

சிறிய உயிர்களைப் போலவே சிறிய கல்லூரியும் வழிகாட்டக்கூடும். அமெரிக்காவில் இளநிலைப் படிப்பிலேயே நரம்பறிவியலை மிக முன்னதாக, 1973இல் கொண்டுவந்தது ஆம்ஹர்ஸ்ட் என்னும் சிறிய கல்லூரி. முனைவர் பட்ட மாணவர்கள் இல்லாத அத்தகைய இடத்தில், பேராசிரியரின் ஆய்வுக்குத் தோள்கொடுப்பவர் இளநிலை மாணவர்தான். கோடிக்கணக்கில் விலையுள்ள ஸ்கேன் கருவி அங்கே இல்லாமல் போகலாம். ஆனால் மண்புழுவின் நரம்பருகே மின்முனையை வைத்து, அதன் துடிப்பை ஒலிபெருக்கியில் தானே கேட்கும் மாணவர், பாடநூலின் படத்தைத் தாண்டிவிடுகிறார்.

ஆகவே, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடங்களை எண்ணாதீர்கள். “முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் என் கையால் ஒரு சோதனை செய்ய விடுவீர்களா?” என்று கேளுங்கள். ‘ஆம்’ என்று சொல்லும் கல்லூரியே உங்களுக்குப் பெரிய கல்லூரி.