குருவி கட்டிய வீடு

 

திருமறையின் 16-வது அத்தியாயம் 'அந்நஹ்ல்', அதாவது தேனீ. அதன் 68-வது வசனத்தில், தேனீ எங்கெங்கே கூடு கட்டவேண்டுமென்று தான் அதற்கு அறிவித்ததாக அல்லாஹுத் தஆலா கூறுகிறான். மலைகள், மரங்கள் என்பதோடு நிற்கவில்லை; மனிதர் கட்டுபவற்றையும் சேர்த்திருக்கிறான். நாம் வாடகை வாங்கும் கட்டடத்தில் ஒரு பூச்சிக்கும் பங்கு வைத்த ரப்பு அவன்!

தேனீயைப்போல நம் மலேசியாவில் கடைவீட்டு மாடிகளில் குடியேறிய இன்னொரு ஜீவனும் உண்டு. அது உழவாரக் குருவி. மலாய்க்காரர் வாலிட் என்பர். சபாவின் கொமந்தோங், சரவாக்கின் நியா போன்ற குகைகளே அதற்குப் பூர்வீகம். கிளையில் உட்கார அதன் கால்கள் உதவா. சுவரைப் பற்றித் தொங்கத்தான் முடியும். கும்மிருட்டில் 'டிக் டிக்' என்று ஒலியெழுப்பி, எதிரொலியைக் கேட்டே தன் இடம் சேர்கிறது. நாரும் களிமண்ணும் அது தேடுவதில்லை. நாவின் கீழே ஊறும் உமிழ்நீரை இழை இழையாகச் சுவரில் பூசுகிறது. அது அரைக் கிண்ணமாக இறுகப் பல வாரங்களாகும். அதில் இடுவது இரண்டே முட்டை.

அந்தக் கூட்டைத்தான் சீனர் சூப்பு வைக்கப் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதனால்தான் மாடியை இருட்டாக்கி, ஈரம் காத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் வைத்து அழைக்கிறார்கள். (அண்டைவீட்டார் தூக்கம் கெட்டால் அந்த ஹக்குக்கு யார் பதில் சொல்வது? அது தனிக் கேள்வி.)

வியாபாரம் கூடாதென்று சொல்லவில்லை. கூடு எடுக்கும் நேரத்தைத்தான் கேட்கிறேன். முட்டையிடுமுன் எடுத்தால் பாவம், குருவி மறுபடி கட்டும். குஞ்சு பறந்தபின் எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. முட்டையும் குஞ்சும் இருக்கும்போதே எடுத்தால்? கொமந்தோங்கில் பிரம்பு ஏணி ஏறிக் கூடெடுப்போருக்கு அரசாங்கம் பருவம் வகுத்திருக்கிறது. பூட்டிய மாடிக்குள் யார் பார்ப்பது?

ஒரு பிரயாணத்தில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய் வந்து சிறகடித்துத் தவித்தது. நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டதும், இதைத் துயரப்படுத்தியவர் யாரென்று கேட்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் இருக்கிறது.

சாலாக் செலாத்தானிலோ கிள்ளானிலோ கடைக்கு மேல் மாடி வைத்திருக்கும் சகோதரர்களே! இத்தொழிலுக்கென்று யாரேனும் இடம் கேட்டு வந்தால், முன்பணம் பேசுமுன் நகராட்சி அனுமதியைக் கேளுங்கள். பிறகு, கூடு எப்போது எடுப்பீர் என்று கேளுங்கள். முட்டையிட்டுக் குஞ்சு பறக்க ஏறத்தாழ இரண்டு மாதமாகும். அதுவரை பொறுப்பதாக ஒப்பந்தச் சீட்டில் எழுதித் தருபவரிடம் மாடிச் சாவியைக் கொடுங்கள்.