நடுவில் அமர்ந்த முருகன்



சோமாஸ்கந்தர் திருவுருவத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் சிவபெருமான், மறுபக்கம் உமையம்மை, நடுவில் குழந்தை முருகன். பல்லவர் காலத்திலேயே இதைக் கருவறைச் சுவரில் செதுக்கி வைத்தார்கள். அந்தக் குழந்தை யார் கட்சி என்று நமக்குக் கேட்கத் தோன்றுமா? நடுவில்தான் அவன் இடம்.

எங்கள் கோயில் ஞாயிறு சமய வகுப்பில் ஆறு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். ஒரு வாரம் சமர்த்தாகத் தேவாரம் பாடுவான். மறுவாரம் பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை உடைப்பான், கடிப்பான். பள்ளியிலும் இதே புகார்தானாம். "சேட்டைக்காரன்" என்று எல்லார் முன்னாலும் திட்டி, அவனை மூலையில் உட்கார வைத்தேன்.

ஒருநாள் என் காதருகே வந்து கேட்டான்: "அண்ணா, இது அப்பா வாங்கித் தந்த சட்டை. அம்மா வீட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போனா அம்மா கோவிச்சுக்குவாங்களா?"

எனக்குப் பேச்சே வரவில்லை. பெற்றோர் பிரிந்து வாழ்வது அன்றுதான் எனக்குத் தெரியும்.

ஒரு வீட்டில் எட்டரைக்குத் தூக்கம். இன்னொரு வீட்டில் நள்ளிரவு வரை கைப்பேசி. இங்கே "உங்கப்பன் மாதிரியே இருக்கே"; அங்கே "உங்கம்மா வளர்த்த லட்சணம்". பிஞ்சு மனசு இதை எப்படிச் சொல்லும்? வாயால் சொல்ல முடியாதது, வகுப்பில் அடியாகவும் கடியாகவும் வெளியே வருகிறது. சில பிள்ளைகள் பேசுவதையே நிறுத்திவிடும். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்துகொண்டு தினமும் மோதிக்கொள்ளும் வீட்டுப் பிள்ளைக்கும் இதே கதிதான்.

நம் நாட்டின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பது நல்லது என்றே முதலில் கொள்கிறது. நிலைமையைப் பார்த்து நீதிமன்றம் மாற்றியும் தீர்ப்பளிக்கலாம். பிள்ளை எந்த வீட்டில் என்பதைச் சட்டம் சொல்லும். அந்த வீட்டில் மற்றவரைப் பற்றி என்ன பேசுகிறோம் என்பது நம்முடைய தர்மம்.

"எங்களுக்குத்தான் இன்னும் கல்யாணமே ஆகலையே" என்கிறீர்களா? நீங்கள் ஒரு பிள்ளைக்குச் சித்தி, மாமா, அத்தை. அதன் முன்னால் கட்சி சேராதீர்கள். இரண்டு வீட்டிலும் ஒரே தூக்க நேரம், ஒரே பள்ளிப்பை, படுக்குமுன் ஒரே பிரார்த்தனை இருக்கட்டும் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். வகுப்பு ஆசிரியரிடமும் பெற்றோர் விஷயத்தை மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நான் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போதும் சில வாரம் சேட்டை செய்கிறான். மூலைக்கு அனுப்புவதில்லை, என் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்கிறேன்.

கணவன் மனைவி பிரியலாம். அப்பா அம்மா என்ற பீடம் பிரியக்கூடாது. அதன் நடுவில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது.

திருச்சிற்றம்பலம்.