மலைமேல் உட்கார்ந்திருந்த தாய்



கோடை விடுமுறை வருகிறது. உங்களில் பலர் கொடைக்கானலுக்கு வேன் பேசியாகிவிட்டது என்று அறிகிறேன். சந்தோஷமாகப் போய் வாருங்கள். நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்தில் இ-பாஸ் முறை வந்தது. அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் அங்கே போய்வந்த ஒரு தாயாரை, "கொடைக்கானல் எப்படியம்மா இருந்தது?" என்று கேட்டேன். "வேன் நல்ல வேன், சுவாமி. இருக்கை மெத்தென்று இருந்தது" என்றார். அவ்வளவுதான். குறை சொல்லுகிற ஆத்துமம் அல்ல அது. நான் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது.

வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதையில் ஏறும்போது டம் டம் பாறையில் வண்டி நின்றதாம். பள்ளத்தாக்குக்கு அப்பால், 975 அடி உயரத்திலிருந்து எலிவால் அருவி வெள்ளை நூல்போல இறங்குவதை எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். "அம்மா, உங்களுக்கு முட்டுவலி, உட்கார்ந்திருங்கள்" என்றான் மூத்த மகன். அன்பாகத்தான் சொன்னான். வெள்ளியருவியில், "வழுக்கும் அம்மா" என்றான். வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குக்கு வேர்கள் பின்னிய செங்குத்தான இறக்கம்; அங்கே அவரால் முடியாது என்பது மெய்தான். ஆனால் டம் டம் பாறை சாலையோரந்தானே? 1872-ல் போட்ட கோக்கர்ஸ் வாக் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். பாவிய பாதை, பிடித்துக்கொள்ளக் கம்பியும் உண்டு. அங்கேயும், "சீக்கிரம் வந்துவிடுகிறோம்" என்று போய்விட்டார்கள்.

அந்தக் கோக்கர்ஸ் வாக்கில் சில வேளை ஓர் அதிசயத்தைக் காணலாம். முதுகுப்புறம் வெயிலும், எதிரே பள்ளத்தாக்கில் மூடுபனியும் இருந்தால், உங்கள் நிழல் பனியின்மேல் விழும்; நிழலின் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வட்டம் தோன்றும், அர்ச்சியசிஷ்டவர்களின் படத்தில் இருப்பதுபோல! ஆனால் பக்கத்தில் நிற்கிறவருக்கு உங்கள் வட்டம் தெரியாது. அவருக்குத் தம் தலையைச் சுற்றி மட்டுமே தெரியும். பத்துப் பேர் வரிசையாய் நின்றால், பத்துப் பேரும் தாமே அர்ச்சியசிஷ்டவர் என்று எண்ணிக்கொண்டு இறங்கலாம். தாபோர் மலையில் இராயப்பரும் யாகப்பரும் அருளப்பரும் கண்ட ஒளி அப்படிப்பட்டதல்ல. அது தங்கள் தலையில் அல்ல, ஆண்டவருடைய திருமுகத்தில் இருந்தது.

கடைசியாகச் சலேத் மாதா கோயிலுக்குப் போனார்கள். சேசு சபைக் குரு ஒருவர் 1866-ல் எழுப்பிய கோயில் அது. 1846-ல் பிரான்சு தேசத்து ஆல்ப்ஸ் மலையில், மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகள் தேவமாதாவை எந்தக் கோலத்தில் கண்டார்கள்? உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்து, அழுதுகொண்டிருந்த கோலத்தில். நம் குடும்பத்தார் மெழுகுதிரி கொளுத்தி, இந்தச் சரித்திரத்தைக் குழந்தைகளுக்கு அழகாய் விளக்கினார்களாம்.

அந்த நேரத்திலும் தாயார் வேனில் இருந்தார். "உட்கார்ந்தபடியே ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டேன், சுவாமி" என்றார்.

ஆகையால், வேன் பேசும்போதே டிரைவரிடம் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கால் மணி நேரம் கூடுதலாய்க் கேட்டு வையுங்கள். வயோதிகரின் நடைக்கு அது வேண்டும். மடக்கு நாற்காலி ஒன்றையும், ஒரு கம்பளியையும் எடுத்துக்கொள்ளுங்கள். 7,000 அடி உயரத்தில் மாலைக் குளிர் எலும்பைத் தொடும். டால்பின் மூக்குக்கு இறங்குகிறவர்கள் முறைவைத்து இறங்கட்டும். ஒருவர் பாட்டியோடு இருந்து, கடலை வாங்கிக் கொடுத்துக் கதை கேட்கட்டும்.

அந்த மகனை நான் கண்டு பேசினேன். தலைகுனிந்து கேட்டான், மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வருகிற மே மாதம் மறுபடியும் போகிறார்களாம். தாயாருக்கு முன் இருக்கை.